வலது கன்னத்துத் தழும்பு

சிட்டம்மாவுக்கு இடதும் வலதும் இடம் மாறிப்போனதை நாங்கள் முதலில் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, தகரக்கடை முக்கில், வேலைக்குக் கூப்பிட யாராவது வருவார்களா என்று சட்டியும் மண்வெட்டியுமாக நூறு பேர் நின்றுகொண்டிருந்த நேரத்தில். அவள் எப்போதும் போல ரயில்வே கேட் பக்கமிருந்து நடந்து வந்தாள், எப்போதும் போலச் சும்மாட்டுத் துணியைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள், ஆனால் முந்தானை வலது தோளில் கிடந்தது, மூக்குத்தி மறுபக்கத்துக்குப் போயிருந்தது, மூன்று வருஷமாக இடது கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரைக்கும் இறங்கியிருந்த தழும்பு வலது கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. யாரும் கத்தவில்லை. டீக்கடை பஷீர் பாய் கிளாஸை நீட்ட, அவள் இடது கையால் வாங்கினாள்.

"என்ன சிட்டம்மா, கை மாறிடுச்சு?"

"ஆமா பாய். எந்திரிக்கிறப்பவே மாறித்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் காங்கிரீட் போட எட்டுப் பேர் வேண்டும் என்று லாரி வந்துவிட்டது, லாரி வந்த பிறகு யாருக்கு எந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அவளுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாகச் சித்தாள். இந்த ஊரில் மாடி வைத்துக் கட்டிய வீடுகளில் பாதியிலாவது அவள் தலையில் ஏறிப் போன கலவை இருக்கும். புருஷன் சீக்கிரமே போய்விட்டான். ஒரே மகன் அய்யாறு கொத்தனாராக இருந்தான், இருபத்தாறு வயதில், மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு சந்துக்குள் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அவன் கையிலிருந்த பூச்சுக் கரணை அவனுக்கு முன்னால் விழுந்து, கீழே நின்ற சிட்டம்மாவின் கன்னத்தைக் கிழித்தது. கூட வேலை செய்த லூர்து ஓடிப்போய்க் காப்பித்தூளை வைத்து அமுக்கினாள். சிட்டம்மா அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவளே பாய் விரித்தாள். பதினேழாம் நாள் வேலைக்கு வந்தாள். செங்கல் காலில் விழுந்தால் குனிந்து எடுத்து அடுக்கினாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளுக்கு இதுவும் நடந்தது என்றபோது, நடந்ததோடு நடந்தது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. காங்கிரீட் போடும்போது சட்டி கைக்குக் கை மாறிப் போகும், எல்லோரும் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுப்போம், சிட்டம்மா மட்டும் மறுபக்கம் வாங்கி இந்தப் பக்கம் கொடுத்தாள். முதல் நாள் இரண்டு சட்டி கீழே கொட்டியது. மேஸ்திரி திட்டிவிட்டு யோசித்தார், மறுநாள் அவளை மாடிப்படி திரும்புகிற இடத்தில் நிறுத்தினார், அங்கே வரிசையும் திரும்ப வேண்டும், அவளும் திரும்பித்தான் இருந்தாள், வேலை எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. அதன் பிறகு "திரும்பின சிட்டம்மா வந்திருக்கா?" என்று கேட்டு ஆள் எடுக்க வந்தார்கள். மாரியம்மன் கோவிலை அவள் எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள், முதல் செவ்வாய்க்கிழமை எல்லோரும் அவள்மேல் இடித்துக்கொண்டார்கள், இரண்டாவது செவ்வாய்க்கிழமை சுவரோரமாக அவளுக்கு வழி விட்டார்கள், மூன்றாவது செவ்வாய்க்கிழமை வேண்டுதலைத் தப்பாக வேண்டிக்கொண்டவர்களும் கோபத்தில் சாபம் விட்டவர்களும் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் பின்னாலேயே எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இடது மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், வலது மார்பில் வைத்துக் கேட்டார், "இங்க இருக்கு" என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இது எதனால் என்று தேடிப் போனது லூர்து ஒருத்திதான். சிட்டம்மாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், வாய் கொஞ்சம் நீளம். முந்தின மாதம் ஓவியக் கல்லூரியில் மதில் கட்டிக்கொண்டிருந்தபோது, ஜெகதீசன் என்ற வாத்தியார் சிட்டம்மாவை மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்காரவைத்துப் படம் வரைந்தார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, தகட்டை அமிலத்தில் போட்டு, கோடுகளை அமிலம் தின்ற பிறகு மையைத் தேய்த்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளையில் விட்டு எடுக்கிற படம் அது. எட்சிங் என்றார்கள். உருளையில் விட்டு எடுத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என்று லூர்து கண்டுபிடித்தாள். மறுநாள்தான் சிட்டம்மா மாறி வந்தாள்.

அந்தப் படத்தைக் கல்லூரிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் போனோம். சிட்டம்மாவும் வந்தாள். இரண்டு ஜாண் உயரத்துக்குக் கறுப்பு மையில், கவிழ்த்த சட்டியின் மேல் கையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே 'உழைப்பாளி' என்று எழுதியிருந்தது. நரம்பு, நகக்கண், ரவிக்கையில் போட்டிருந்த ஊக்கு, கன்னத்துத் தழும்பு எல்லாம் அப்படியே இருந்தன. படத்துக்கு முன்னால் நாலைந்து படித்தவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், இந்தத் தழும்பு இந்தச் சமூகம் அவள் முகத்தில் போட்ட கையெழுத்து என்றார். ஒரு அம்மா, அதெல்லாம் இல்லை, இது புருஷன் அடித்த அடி, ஆனால் கண்ணைப் பாருங்கள், மன்னித்துவிட்ட கண் என்றார். இன்னொருவர் தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவர்களுக்குப் பின்னால், அதே தழும்போடும் அதே ஊக்கோடும் சிட்டம்மா நின்றுகொண்டிருந்தாள், அவர்கள் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கும் படம் பார்க்க இடம் கொடுத்தார்கள்.

"பசியில இருக்கா. மூணாம் நாள் சோறு கொண்டுட்டு வரல" என்றாள் லூர்து.

சிட்டம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "கை நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து நின்ற ஜெகதீசனிடம், "இதுல நான் எதைப் பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி?" என்று கேட்டாள்.

"தெரியலைம்மா. நீங்கதான் சொல்லணும்."

"நான் ஒண்ணையும் பாக்கல."

ஜெகதீசன் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். தகட்டில் பார்த்தபடி வரைந்தால் காகிதத்தில் இடம்வலம் திரும்பிவிடும் என்றும், அதனால் கண்ணாடி வைத்துத் திருப்பி வரைவதுதான் வழக்கம் என்றும், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அதைச் செய்யவில்லை என்றும் சொன்னார்.

"படம் தப்பா வந்துடுச்சேன்னு இத்தனை நாளா வருத்தமா இருந்துச்சும்மா. இப்ப நீங்க வந்து நிக்கிறீங்க. படம் சரியா இருக்கு."

"அப்ப படத்தை மாத்துறதுதானே?" என்றாள் லூர்து. "அவளை எதுக்கு மாத்தினீங்க?"

"நான் மாத்தலைங்க."

அவர் நல்ல மனுஷன். சிட்டம்மாவை மறுபடி உட்காரவைத்து, இந்தத் தடவை கண்ணாடி வைத்து, வேறு தகட்டில் வரைந்து அச்சடித்துப் பார்த்தார். அவள் மாறவில்லை. படம் ஒன்று கூடியது, அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அய்யாறு செத்த சந்தின் இரண்டு பக்கமும் அப்போது கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தெருவைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் காண்ட்ராக்டர் துரைக்கண்ணு எடுத்த மூன்று மாடி, வலது கைப் பக்கம் யாரோ வெளியூர்க்காரர் எடுத்துப் பாதியில் விட்டுவிட்டுப் போன குடோன். அய்யாறு என் ஆளே இல்லை, என் சாரத்தில் ஏறவே இல்லை, குடோன் மேல் எதற்கோ ஏறி விழுந்திருக்கிறான் என்று துரைக்கண்ணு அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆள் கணக்கு எழுதிய நோட்டு கிடைக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் சிட்டம்மா எழுதிப் போட்ட மனு மூன்று வருஷமாக நடந்தது. பணம் வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "எம்மகன் அங்கதான் வேலை செஞ்சான்னு எழுதிக் குடுங்க" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். அவன் எந்தச் சாரத்தில் ஏறினான் என்று லூர்து சொன்னதைக் கூட்டாளி பேச்சு என்று தள்ளிவிட்டார்கள், மிச்சம் அவளிடம் இருந்த சாட்சி அவள் கன்னம் ஒன்றுதான். தெருவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தவளுக்கு இடது கன்னத்தில் கரணை பட்டது என்றால், அது இடது பக்கத்துச் சாரத்திலிருந்துதானே விழுந்திருக்க வேண்டும்.

இப்போது தழும்பு வலது கன்னத்தில் இருந்தது.

துரைக்கண்ணு யாரையும் மிரட்டவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. தினமும் முக்கிலிருந்து இருபது பேரை எடுப்பார். ஒருநாள் காலையில் ஜீப்பை நிறுத்தி, பஷீர் பாயிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, "ஏம்ப்பா, அந்தச் சிட்டம்மாவுக்குத் தழும்பு எந்தப் பக்கம்?" என்று பொதுவாகக் கேட்டார். சிட்டம்மா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் திரும்பி அவளைப் பார்த்தோம். "வலது பக்கம்" என்றோம். பொய் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னோம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதே கேள்வியை அவர் அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும் கேட்டார், நாங்கள் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துச் சொன்னோம், அப்புறம் திரும்பிப் பார்க்காமலே சொன்னோம். தை பிறப்பதற்குள் அது எப்போதும் வலது பக்கமே இருந்தது போல ஆகிவிட்டது. அவள் முந்தானையை இடது தோளில் போட்டு யாராவது பார்த்திருக்கிறோமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டபோது, பார்த்ததாக நினைவு வரவில்லை. வேண்டுமென்று மறக்கவில்லை. ஒரு மரத்துப்போன விரலால் நூலைத் தேடுகிற மாதிரி தேடினோம், தட்டுப்படவில்லை.

லூர்துவுக்கு மட்டும் மறக்கவில்லை. "காப்பித்தூள் வச்சு அமுக்கினவ நானு. அவளுக்கு எதிர்ல நின்னுக்கிட்டு, இந்த வலது கையால அமுக்கினேன்" என்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். விசாரணையிலும் போய் அப்படியே சொன்னாள்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுள்ள ஒரு அம்மா, கழுத்து வலிக்காகப் பட்டை போட்டிருந்தார். "தழும்பு வலது பக்கம் இருக்கேம்மா" என்றார்.

"இருக்கறது வலதும்மா. பட்டது இடது."

"நான் எதை எழுத?"

ஜெகதீசன் செப்புத் தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தகட்டில் தழும்பு இடது கன்னத்தில் இருந்தது. அதிகாரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நீங்க வரைஞ்சது சார். வரையறவர் எந்தப் பக்கம் வேணும்னாலும் வரையலாம்" என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கடைசியாக ஒரு தடவை இடத்தை நேரில் பார்த்துவிட்டு முடித்துவிடலாம் என்று தேதி கொடுத்தார்.

அந்தத் தேதியில் காலை பத்து மணிக்குச் சந்தில் கூடினோம். துரைக்கண்ணுவின் அடுத்த வேலை அதே தெருவில்தான் நடந்துகொண்டிருந்தது, அதனால் நாங்களும் அங்கேதான் இருந்தோம். மூன்று மாடியில் இப்போது ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்ந்தது. குடோன் பாதியிலேயே நின்றிருந்தது. அதிகாரிக்குக் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை, அதனால் கூட வந்த குமாஸ்தாதான் அண்ணாந்து பார்த்து எந்த மாடி எவ்வளவு உயரம் என்று சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.

"அன்னைக்கு எங்க நின்னீங்க? எப்படி நின்னீங்களோ அப்படியே நில்லுங்க."

சிட்டம்மா நடந்துபோய்ச் சந்தின் நடுவில் ஓரிடத்தில் நின்றாள். தெருவைப் பார்த்து நின்றாள். காலிச் சட்டியோடு அவள் வெளியே வந்துகொண்டிருந்தது அப்படித்தான். வெயில் அவள் முகத்தில் விழுந்தது, தழும்பு குடோனைப் பார்த்தது. துரைக்கண்ணு கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அப்போது சிட்டம்மா திரும்பினாள். அவசரமில்லாமல், தலையில் சட்டி இருப்பவள் திரும்புகிற மாதிரி உடம்போடு திரும்பி, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இப்போது தழும்பு மூன்று மாடியைப் பார்த்தது.

"இப்படித்தான் நின்னேன்" என்றாள்.

லூர்து அன்றைக்குக் கலவை மெஷின் பக்கத்தில் நின்றவள், எல்லாவற்றையும் பார்த்தவள். அய்யாறு மேலேயிருந்து "அம்மா" என்று கூப்பிட்டான். சிட்டம்மாவுக்குக் காதில் விழுந்தது. கலவை கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "வரேன் இருடா" என்று முன்னால் பார்த்தபடியே சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பவில்லை. இது அதுவரை லூர்துவுக்கும் சிட்டம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம், மூன்று வருஷத்தில் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

"போன வாக்குமூலத்துல தெருவைப் பாத்து வந்துக்கிட்டு இருந்ததா சொன்னீங்களே?" என்றார் அதிகாரி.

"வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். எம்மகன் கூப்பிட்டான். திரும்பினேன்."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப அவர் விழுந்ததைப் பாத்தீங்க."

சிட்டம்மா மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே ஒரு குழந்தையின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

"பாத்தேன். சாரத்துக் கம்பு ரெண்டாவது கட்டுல அவுந்துச்சு. அவன் இடது கையால சுவரைப் பிடிச்சான், சுவத்துல பூச்சு ஈரம், கை வழுக்குச்சு. அப்பத்தான் அம்மான்னான். கரணை கையை விட்டுப் போச்சு. செருப்பு ஒண்ணு சாரத்துலயே நின்னுடுச்சு. சட்டை மேல ஏறிக்கிட்டு வயிறு தெரிஞ்சுது. நடுவுல ஒரு தடவை புரண்டான். கத்தல. விழறப்ப கத்தல."

அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அதிகாரி அவர் தோளைத் தட்டி எழுதச் சொன்னார். சொன்னது அத்தனையும் சரி என்று லூர்து எங்களிடம் சொன்னது அப்புறம். கம்பு அவிழ்ந்தது, கை வழுக்கியது, சாரத்தில் நின்றுபோன செருப்பு, ஒரு புரளல். "அவ பாக்கல. முதுகைக் காட்டிக்கிட்டுப் போனவ. நான் ஒரு வார்த்தை அவகிட்ட சொன்னதில்ல. எங்கயிருந்து பாத்தா?" என்று கேட்டுக்கேட்டு அழுதாள். சிட்டம்மா உடம்பில் மாறாதது எதுவும் மிச்சமில்லை என்றும், அன்றைக்குத் திரும்பாதவள் இப்போது திரும்பியவளாக ஆகியிருக்கலாம் என்றும் பஷீர் பாய் சொன்னார். அதை நாங்கள் ஒத்துக்கொண்டோம், மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்ட மாதிரியே.

குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார். 'மகன் கூப்பிட்ட குரல் கேட்டு மனுதாரர் திரும்பிப் பார்த்தார்' என்ற இடம் வந்ததும் சிட்டம்மா கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"அதை இன்னொரு தடவை படிங்க."

படித்தார். அவள் பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். மேஸ்திரி வேலைக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார், நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். துரைக்கண்ணு எங்களை ஒன்றும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தபாலில் உத்தரவு வந்தது. சிட்டம்மா அதைப் பிரிக்காமல் முக்குக்குக் கொண்டுவந்து, எழுத்துத் தெரிந்தவன் என்று என்னிடம் நீட்டினாள். துரைக்கண்ணு கேட்கும் போதெல்லாம் முதலில் "வலது" என்று சொன்ன ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம்தான் நீட்டினாள். நின்றவர்கள் எல்லோரும் சுற்றிக் கூடினார்கள். நான் சத்தமாகப் படித்தேன். இறந்துபோன அய்யாறு, எதிர்மனுதாரர் துரைக்கண்ணுவின் கட்டடத்தில் கொத்தனாராக வேலை செய்தவர் என்றும், அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோதே சாரம் அவிழ்ந்து விழுந்து இறந்தார் என்றும் அதில் எழுதியிருந்தது. கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் தொடர்ந்து படித்தேன், மகன் கூப்பிட்டதும் தாய் திரும்பிப் பார்த்தார் என்ற வரியையும் படித்தேன், கீழே இருந்த கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

அவள் இன்னும் என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் என்னைப் பாத்தானான்னு போட்டிருக்கா?"

நான் முதல் பக்கத்துக்குப் போய், விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கடைசி வரைக்கும் தேடினேன்.

"இல்லக்கா" என்றேன். "அது போடல."